டிராயரில் கிடக்கும் கூரியர்

கேள்வி: பேராவூரணிப் பக்கம் கடைமடைக் கிராமம் எனக்கு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பதினோரு வருடமாக அப்பீல் வழக்குகள் நடத்துகிறேன். பாதிக்கு மேல் இலவச சட்ட உதவி வழக்குகள். ‘ஊருக்கு உழைத்து என்ன கண்டாய், கம்பெனி வேலைக்குப் போ’ என்கிறார் அம்மா. பக்கத்து வயல்காரர் அடைத்த வாய்க்கால் வழக்கில் அம்மா சப் கோர்ட்டிலும் தோற்று, தீர்ப்பு நகலைக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதமாகப் பிரிக்கக்கூட நேரமில்லை, அவ்வளவு வேலை. என் சேவையை வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, கடிதம் முழுக்க உங்கள் சேவை. என் கண்ணில் பட்டது அந்தக் கூரியர்தான்.

சப் கோர்ட்டிலும் தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகிற இரண்டாவது அப்பீலுக்குக் கெடு 90 நாள். நகல் எடுக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். உறை டிராயரில் கிடந்த நாட்களைக் கழிக்க முடியாது. எனக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியாதா? கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். அதில் என்ன காரணம் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்குவீர்கள்?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் உங்கள் ஊருக்கு எட்டுவது பெரும்பாடு. வந்து சேர்கிற தண்ணீரும் வயலுக்குள் ஏறவில்லை என்றால் அந்த அம்மா எதை நட்டு எதை அறுப்பார்?

கோர்ட் வராந்தாவில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கிஸ்தி ரசீதை விரித்து விரித்து மடிக்கும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக ராத்திரி கண்விழித்துக் கேஸ் கட்டுப் படிக்கிறீர்கள். விடாதீர்கள். கம்பெனி வேலை வேண்டவே வேண்டாம். ஆனால் 1987-ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்தில் 12-வது பிரிவு என்ன சொல்கிறது? பெண் என்றாலே இலவச வக்கீலுக்குத் தகுதி, வருமானம் பார்ப்பதில்லை. உங்கள் அம்மாவும் அதில் அடக்கம். மகன் வக்கீலாக இருப்பதாலேயே அவருக்கு வக்கீல் இல்லாமல் போய்விட்டது. பெற்றவளை வாசலில் நிறுத்திவிட்டு ஊருக்குச் செய்வதைச் சேவை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘என்ன கண்டாய்’ என்றதும் சம்பளத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

இன்றைக்கே பிரியுங்கள். தீர்ப்புத் தேதி, நகல் மனுப் போட்ட தேதி, நகல் தயாரான தேதி, மூன்றையும் பாருங்கள். நீங்களே வாதாட வேண்டாம், சொந்த வழக்கில் கண் மறைக்கும். நல்ல சீனியரிடம் கட்டைக் கொடுங்கள். இரண்டாவது அப்பீலுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவு கேட்கிற முக்கியமான சட்டக் கேள்வி எதுவும் இதில் இல்லை என்று அவர் சொன்னால், சரி, அதையும் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் அல்ல. சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள்.