பட்டறைப் பக்கம்: பிராண்டுக்கு ஓர் ஊர், சாமானுக்கு ஓர் ஊர்

நம் தென்னாப்பிரிக்கக் கடைகளில் கிடைக்கும் கைக்கருவிகள் எங்கே செய்யப்படுகின்றன, எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: அப்பாவின் ஸ்டான்லி உளியில் 'ஷெஃபீல்ட், இங்கிலாந்து' என்று அச்சு இருக்கிறது. போன மாதம் பெரிய கடையில் நான் வாங்கிய ஸ்டான்லி அளவு டேப்பில் தாய்லாந்து, ஸ்க்ரூடிரைவரில் தைவான், சுத்தியலில் சீனா. போலியை என் தலையில் கட்டிவிட்டார்களா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: நாடு மாறியிருப்பதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. ஸ்டான்லி 1843இல் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் ஊரில் தொடங்கிய கம்பெனி. ஷெஃபீல்டிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்தது. அப்பாவின் உளி பிறந்தது அங்கே. இப்போது சொந்தத் தொழிற்சாலைகளிலும் செய்கிறார்கள், பல நாடுகளில் வெளியாரிடம் கொடுத்தும் செய்து வாங்குகிறார்கள். டேப் ஒரு நாடு, சுத்தியல் இன்னொரு நாடு என்று வருவது அதனால்தான்.

கம்பெனிகளும் கைமாறிவிட்டன. 2010இல் ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் ஒன்றாயின. பிளாக் அண்ட் டெக்கரின் பிராண்டான டிவால்ட் அதோடு வந்தது. 2017இல் இர்வினையும் லெனாக்ஸையும் நியூவெல் கம்பெனியிடமிருந்து வாங்கினார்கள், அதே ஆண்டு கிராஃப்ட்ஸ்மேன் பெயரைச் சியர்ஸிடமிருந்து வாங்கினார்கள். கடையில் மஞ்சள் ஸ்டான்லி, நீல இர்வின், மஞ்சளும் கறுப்புமாக டிவால்ட் என்று மூன்று கொக்கிகளில் தொங்கலாம். காசு போய்ச் சேரும் பெட்டி ஒன்றுதான்.

நம் மெக்கானிக்குகள் எல்லாரும் 'வைஸ் கிரிப்' என்று கேட்டு வாங்கும் பூட்டுக் குறட்டையே பாருங்கள். டென்மார்க்கிலிருந்து போன பீட்டர்சன் என்ற கொல்லர் 1920களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உருவாக்கியது அது. டிவிட் என்ற சின்ன ஊரில் இருந்த அதன் தொழிற்சாலையை அப்போதைய முதலாளிகள் 2008இல் மூடி, வேலையைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். பெயரும் உருவமும் மாறவில்லை. பழைய குறடு கையிலிருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

கடையின் சொந்தப் பிராண்டுகள் இன்னும் வழுக்கலான சங்கதி. லெராய் மெர்லின் கடைகளில் கிடைக்கும் டெக்ஸ்டர் அந்த வகை. இப்படிப்பட்ட பிராண்டுகளுக்குக் கடைக்காரர் விலை கேட்டு, ஒத்துவந்த தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுப்பார். அடுத்த ஆர்டர் வேறொரு தொழிற்சாலைக்குப் போகலாம். அட்டையும் நிறமும் அப்படியே இருக்கும். மச்சான் இரண்டு வருஷம் முன்பு வாங்கியது உழைக்கிறது என்பது இன்று நீங்கள் வாங்குவதற்குச் சாட்சி ஆகாது.

அட்டையைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுகிறோம். 'ஜெர்மன் டெக்னாலஜி', 'ஜெர்மனியில் வடிவமைத்தது' என்று எழுதியிருந்தால், செய்தது வேறெங்கோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் செய்தவன் அதை நேராகவே எழுதுவான். அட்டையின் பின்னால் ஜோகன்னஸ்பர்க் விலாசம் இருந்தால் அது பெரும்பாலும் இறக்குமதி செய்தவருடைய ஆபீஸ். உலோகத்திலேயே குத்திய அச்சைப் பாருங்கள், பிறகு அட்டையைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நாடு சொன்னால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, கெடோர் ஸ்பேனர் நம் டர்பன் பக்கத்திலேயே செய்கிறார்கள் என்கிறார்கள். உண்மையா? ஸ்பேனர் செட் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்? நான் வாங்கிய ஒரு மலிவு செட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் வாய் விரிந்துவிட்டது. (மோட்டார் மெக்கானிக், பீனிக்ஸ்)

பதில்: உண்மைதான். பைன்டவுனை ஒட்டிய நியூ ஜெர்மனியில் கெடோருக்குத் தொழிற்சாலை உண்டு. 1919இல் ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் டோவிடாட் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. நம் நியூ ஜெர்மனிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் 1848இல் வந்து குடியேறிய ஜெர்மானியர். ஸ்பேனர் பிறகு வந்தது. ஆனால் கெடோர் என்று எழுதியதெல்லாம் பைன்டவுன் பக்கத்துச் சரக்கு என்று எண்ணவேண்டாம். ஜெர்மனியிலிருந்து வருவதும் உண்டு. கெடோர் ரெட் என்பது விலை குறைந்த தனி வரிசை. அதை அதன் அச்சை வைத்தே எடை போடுங்கள்.

உங்கள் ஸ்பேனர் வாய் விரிந்ததற்குக் காரணம் பதம். 'குரோம் வனேடியம்' என்ற எழுத்து எல்லா மலிவு ஸ்பேனரிலும் இருக்கிறது. அது எஃகில் என்ன கலந்தது என்று மட்டும் சொல்லும். சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் வைத்தார்களா என்று சொல்லாது. பதம் போதாவிட்டால் வாய் விரியும். பதம் மிஞ்சிப்போனால் ஒரு நாள் பளீரென்று உடையும்; விரல் முட்டி போவது அப்போதுதான்.

வாங்கும்போது செய்யவேண்டியது இது. எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட் ஒன்றைப் புதிதாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதன் தலை 13 மி.மீ. செட்டிலிருந்து அந்த ஸ்பேனரைக் கழற்றி வளையப் பக்கத்தை மாட்டி ஆட்டிப்பாருங்கள். ஆட்டம் குறைவாக இருக்கவேண்டும். திறந்த வாயை மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரு பக்கத் தாடையும் போல்ட்டின் தட்டைப் பகுதியில் முழுக்க ஒட்டி நிற்கவேண்டும். மூலையில் மட்டும் தொட்டால் வைத்துவிடுங்கள், அது போல்ட் தலையை உருட்டிவிடும். வளையத்தின் உட்பக்கம் குரோம் பூச்சு உரிந்தோ திட்டுத்திட்டாகவோ இருந்தாலும் வேண்டாம். உரிந்த குரோம் பிளேடு மாதிரி வெட்டும்.

ஸ்பேனரின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. 8.8 தரத்து எம்8 போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். 17 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 15 கிலோ இழுப்புக் கொடுத்தால் அது வந்துவிடும். அதில் பைப் மாட்டி நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதே கை பலத்துக்கு முறுக்கும் இரட்டிப்பு. கெடோர் ஆனாலும் பெயரில்லாத செட் ஆனாலும் அதைத் தாங்கச் செய்ததல்ல. துருப்பிடித்த நட்டுக்கு, அதன்மேல் கவிழ்க்கும் ஆறு முனை சாக்கெட்டும் பிரேக்கர் பார் என்ற நீளமான கைப்பிடியும் எடுங்கள்; பன்னிரண்டு முனை வளையம் அந்த இடத்தில் வழுக்கும். காற்றழுத்தத்தில் திருகும் ஏர் கன்னில் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மாட்டவே கூடாது. அதற்குக் கறுப்பு நிறத்தில், சுவர் தடித்த இம்பாக்ட் சாக்கெட் தனியாக இருக்கிறது.

ராட்செட்டுக்கும் (ஒரு பக்கம் மட்டும் திருகும் பல் வைத்த கைப்பிடி) சாக்கெட்டுக்கும் கெடோர் விலை கட்டாது என்றால் தைவான் சரக்கு பக்கம் தாராளமாகப் போகலாம். தாய்ச்சுங் நகரைச் சுற்றி இந்தத் தொழிலே குடியிருக்கிறது. கிங் டோனி அந்த நாட்டுக் கம்பெனி. டெங் டூல்ஸ் சுவீடன் பெயர், சரக்கு பெரும்பாலும் தைவான். 72 பல் ராட்செட் 5 பாகைக்கு ஒரு கிளிக் தரும். 36 பல் என்றால் 10 பாகை. எஞ்சினுக்குள் கை நுழையாத இடத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மலிவு மண்வெட்டி (ஸ்பேட்) ஒரே மழைக்காலத்தில் கழுத்தில் மடங்கிவிடுகிறது. லாஷர் விலை ஏன் இவ்வளவு அதிகம்? (காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர், டோங்காட்)

பதில்: லாஷர் ஜெர்மிஸ்டனில் தொழிற்சாலை வைத்திருக்கும் உள்ளூர்க் கம்பெனி. சீனாவிலிருந்து வரும் மண்வெட்டி, கொத்து, ரேக் வகைகளுக்கு நம் அரசு பொருள்குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) போட்டதும், அதை நீட்டிக்கச் சொல்லி லாஷர் மனுப் போட்டதும் உண்டு. கடையில் நீங்கள் பார்க்கும் விலையில் அந்தக் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

மடங்குவதற்குக் காரணம், தகடும் பிடி நுழையும் குழாயும் ஒரே மெல்லிய தகட்டை அழுத்திச் செய்தவை. தகடு முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில்தான் நெம்புகிற பாரம் முழுவதும் விழுகிறது. அந்தக் குழாயின் பின்பக்கம் திறந்திருந்தால் ஈர மண் போய் அடைந்து உள்ளிருந்தே அரிக்கும். கடற்கரைக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். பின்பக்கம் மூடியிருக்கிறதா, குழாய் பிடியின் மேல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது, ரிவெட் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பிடியில் ரேகை நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறியும். புதுப் பிடிக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தேய்த்து நிழலில் வையுங்கள். மண்வெட்டி குழி தோண்டத்தான்; வேரை நெம்பக் கடப்பாரை எடுங்கள்.

கேள்வி: கிச்சன் கபோர்டு வேலையில் என் டேப்பும் தம்பி டேப்பும் 3 மீட்டரில் 2 மி.மீ. வித்தியாசம் காட்டுகின்றன. எது சரி? (தச்சர், லெனேசியா)

பதில்: இரண்டும் தத்தம் விதிப்படி சரியாகவே இருக்கலாம். டேப்பின் தொடக்கத்தில், நீள்வட்டத்துக்குள் ஒரு ரோமன் எண் (I, II, III) இருக்கும்; அதுதான் அதன் வகுப்பு. ஐரோப்பிய விதிப்படி இரண்டாம் வகுப்பு டேப் 3 மீட்டரில் 0.9 மி.மீ. வரை பிசகலாம், மூன்றாம் வகுப்பு 1.8 மி.மீ. வரை. ஒன்று கூட்டியும் மற்றது குறைத்தும் பிசகினால் வித்தியாசம் இரட்டிப்பாகும். முதல் வகுப்புக்கு 0.4 மி.மீ. மட்டும்.

ஆனால் முதலில் டேப் நுனியில் இருக்கும் கொக்கியைச் சோதியுங்கள். அது லேசாக ஆடுவது பழுதல்ல. உள்ளே முட்டி அளக்கும்போதும் வெளியே மாட்டி அளக்கும்போதும் அதன் தடிமனை ஈடுகட்டவே ஆடவிட்டிருக்கிறார்கள். கீழே விழுந்து வளைந்தால்தான் தப்பு. இரண்டு டேப்பிலும் கொக்கியை விட்டுவிட்டு 100 மி.மீ. கோட்டிலிருந்து அளந்து, பிறகு 100 கழியுங்கள். வித்தியாசம் மறைந்தால் கொக்கி வளைந்திருக்கிறது. மறையாவிட்டால் பட்டையே அப்படி. ஒரு வேலைக்கு முதலிலிருந்து கடைசிவரை ஒரே டேப். வகுப்பே போடாத ஐரோப்பிய டேப்பைவிட, இரண்டாம் வகுப்பு என்று குறித்த சீன டேப் மேல்.

கேள்வி: இந்தியாவின் தபாரியா குறடு நல்லதா? (வாசகி, வெருலம்)

பதில்: கொடுக்கும் காசுக்கு நல்லது. 1969இல் சுவீடனின் பாக்கோ கம்பெனிக்காரர்களோடு கூட்டாகத் தொடங்கியது, ஊர் நாசிக். வேடிக்கை என்னவென்றால், பாக்கோவே 1999இல் அமெரிக்க ஸ்னாப்-ஆன் கைக்குப் போய்விட்டது. அதன் ஷிஃப்டிங் ஸ்பேனரில் ஸ்பெயின் அச்சைப் பார்க்கலாம்.

கேள்வி: சிவப்புப் பிடி போட்ட கட்டிங் பிளேயர் எல்லாம் ஷாக் அடிக்காதா? (எலெக்ட்ரீஷியன் பயிற்சியில் இருப்பவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இல்லை, தம்பி. ரப்பரில் முக்கி எடுத்த பிடி கைக்கு மெத்தென்று இருக்கத்தான். கரண்டுக்கு உரியதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணங்கள், 1000 வோல்ட் என்ற எழுத்து, செய்த ஆண்டு மூன்றும் இருக்கும். ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேச மின் தரத்துக்கு அது 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். வி.டி.இ. என்பது ஜெர்மனியின் சோதனை நிலையத்து முத்திரை. சாமான் எந்த நாட்டில் செய்தது என்பதை அது சொல்லாது. க்னிபெக்ஸ் குறடுகள் ஜெர்மனியின் வுப்பர்டாலில் செய்யப்படுகின்றன. அதே ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் வெரா, ஸ்க்ரூடிரைவர்களைச் செக் குடியரசில் செய்கிறது. இரண்டுமே நம்பகமானவை.

பிடியில் கீறல், வெட்டு, உருகல் எது கண்டாலும் அதைக் கரண்டு வேலையிலிருந்து விலக்குங்கள்; இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட்டே ஆளைக் கொல்லும். நல்ல பிளேயர் கையில் இருக்கிறது என்பதற்காக மெயினை அணைக்காமல் தொடக்கூடாது.

கேள்வி: 'ஆயுள் கேரண்டி' போட்ட ஸ்க்ரூடிரைவர் மூன்றாம் மாதமே முனை முறிந்தது. கடையில் மாற்றமாட்டேன் என்கிறார்கள். நாட்டின் பெயரும் அதில் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது? (வாசகர், மெரபேங்க்)

பதில்: ஆயுள் கேரண்டியை விடுங்கள், அதன் சிறிய எழுத்தில் 'தேய்மானம், தவறான உபயோகம் நீங்கலாக' என்று இருக்கும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 68, பிரிவு 56ஐச் சொல்லுங்கள். வாங்கிய ஆறு மாதத்துக்குள் சாமானின் குறையால் பழுதானால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது. சரிசெய்து கொடுத்தது மூன்று மாதத்துக்குள் மறுபடி அதே மாதிரி ஆனால், பிறகு மாற்றவேண்டும் அல்லது பணம் தரவேண்டும். ஆனால் பிடியின் தலையில் சுத்தியல் அடித்த தழும்பு இருந்தால் வாதம் நிற்காது. ஸ்க்ரூடிரைவரை உளியாக்கியதும் நெம்புகோலாக்கியதும் முறிந்த முனையைப் பார்த்தே தெரிந்துவிடும்.

நாட்டின் பெயர் கட்டாயம் என்ற விதி துணி, செருப்பு, தோல் சாமான்களுக்கு இருக்கிறது; ஸ்க்ரூடிரைவருக்கு அது பொருந்தாது. பொய்யான நாட்டைப் போடக்கூடாது, அவ்வளவுதான். 'ப்ரௌட்லி சவுத் ஆஃப்ரிக்கன்' முத்திரை இருந்தால் உற்பத்திச் செலவில் பாதியாவது உள்ளூரில் ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த முத்திரை தரும் அமைப்பின் நிபந்தனை. கடை ரசீது வெப்பத்தாளில் அடித்தது, சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, அட்டையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.