வெ. சாமிநாத சர்மா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செந்தூல் வாசகர்: சாமிநாத சர்மா பத்திரிகைக்காரரா, வரலாற்று ஆசிரியரா?

இரண்டையும் பிரிக்க முடியாது. திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ இதழ்களில் பழகிய கை அது. பிறகு பர்மாவின் ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தினார். கிரீஸ், சீனா, ரஷ்யா, பாலஸ்தீனம் என்று அவர் எழுதித் தள்ளியதெல்லாம், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் உலகச் செய்தி விளங்க வேண்டும் என்றுதான்.

காஜாங் வாசகர்: ஹிட்லரைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாரே, சரியா?

முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். அது முப்பதுகளில், ஹிட்லர் ஆட்சியில் இருந்தபோதே எழுதியது. பின்னால் நடந்ததை வைத்து அவரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

கோலசிலாங்கூர் வாசகர்: பர்மாவிலிருந்து நடந்தே வந்தாராமே. என் தாத்தா போன சயாம் மரண ரயில் பாதையிலா?

இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கையில். இந்தியர்கள் லட்சக்கணக்கில் தாய்நாட்டை நோக்கி நடந்தார்கள். சர்மாவும் மனைவி மங்களமும் வடமேற்கே, மணிப்பூர் மலைகளைத் தாண்டிப் போனார்கள். ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதை வேலை அதற்கப்புறம்தான் தொடங்கியது: சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங் முதல் பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். நம் மலாயாத் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோய் 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: படித்தவர் நடந்தால் புத்தகம், தோட்டத்தான் செத்தால் ஒன்றுமில்லையா?

உங்கள் கோபம் நியாயமானது. சர்மா எழுதத் தெரிந்தவர், உயிரோடு கரை சேர்ந்தார், ‘பர்மா வழிநடைப் பயணம்’ நமக்குக் கிடைத்தது. ரயிலுக்குப் போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறை சர்மாவுடையது அல்ல, நம்முடையது. வீட்டில் யாருக்காவது அந்தக் கதை தெரிந்தால் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் போட்டு இப்போதே எழுதி வையுங்கள். ஆண்டு இல்லாத குறிப்பு பிறகு எதற்கும் உதவாது.

கிள்ளான் வாசகர்: ரயில் பாதையில் அவர் வேலை செய்தாரா?

மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நம்மூர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகை தொடங்கியது எப்போது?

1924, கோலாலம்பூரில். அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

ஈப்போ வாசகர்: எதிலிருந்து தொடங்கலாம்?

வழிநடைப் பயணத்திலிருந்து. அப்புறம் கிரீஸ் வரலாறு. பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு!