எஸ்போசித்தோ என்றால் உரையாசிரியரா?

அன்புள்ள ஐயா,

பீட்சா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1889இல் இத்தாலிய அரசி மார்கரீத்தாவுக்குப் பீட்சா செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் நேப்பிள்ஸ்காரரின் பெயர் ரஃபாயேலே எஸ்போசித்தோ என்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு திரும்பிய பக்கமெல்லாம் இந்தப் பெயர்தான் கண்ணில் படுகிறது. அமெரிக்க நடிகர் ஒருவர் ஜான்கார்லோ எஸ்போசித்தோ. இன்டர் மிலான் கால்பந்து அணியில் ஓர் எஸ்போசித்தோ. மிலானில் வேலை பார்க்கும் என் மகளின் அலுவலகத்திலும் ஓர் எஸ்போசித்தோ இருக்கிறாராம். அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொலம்போ.

நான் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். ஆங்கிலத்தில் எக்ஸ்போசிட்டர் என்றால் விளக்கம் சொல்பவர், அதாவது உரையாசிரியர். ஆகவே எஸ்போசித்தோ என்பது நம் நச்சினார்க்கினியர் போன்ற உரைகாரர்களின் பரம்பரையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சரியா? இவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பங்காளிகளா? அந்தக் கொலம்போ, கொலம்பஸ் வம்சமா? என் மகள் அவர்களிடமே இதைக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

கே.,
திருநெல்வேலி

*

அன்புள்ள கே.,

வேர்வரை சரியாகத்தான் போயிருக்கிறீர்கள். கிளை பிரியும் இடத்தில் தடம் மாறிவிட்டது. இலக்கணம் கற்பித்தவர் என்பதால் உங்களிடம் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: நீங்கள் செய்வினையாகப் படித்த சொல் உண்மையில் செயப்பாட்டுவினை.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைத்தல். ஒரு நூலின் பொருளை வெளியே எடுத்து வைப்பவர் எக்ஸ்போசிட்டர். பொருட்களை வெளியே எடுத்து வைத்துக் காட்டினால் எக்ஸ்போ, நம் ஊர்ப் பொருட்காட்சி. ஆனால் 'எக்ஸ்போசித்துஸ்' என்பது வைத்தவன் அல்லன், வைக்கப்பட்டவன். வெளியே வைக்கப்பட்ட குழந்தை. பெற்றவர்கள் வளர்க்க முடியாமலோ விரும்பாமலோ தேவாலய வாசலிலும் மருத்துவமனைத் திண்ணையிலும் விட்டுப்போன பிள்ளைகளைப் பதிவேடுகள் அப்படித்தான் குறித்தன. பேச்சுமொழியில் அந்தச் சொல் தேய்ந்து 'எஸ்போஸ்தோ' ஆகிவிட்டது. குடும்பப் பெயரில் மட்டும் பழைய லத்தீன் அசை ஒன்று தேயாமல் நிற்கிறது. ஞானஸ்நானப் பேரேடு எழுதிய கை பேச்சு வழக்கைப் பின்பற்றவில்லை. பேரேட்டின் மொழியிலேயே எழுதியது.

நேப்பிள்ஸில் ஃபோர்ச்செல்லா என்ற நெரிசலான பேட்டையில், 14ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட அனுன்சியாத்தா என்ற அறநிலையம் இருக்கிறது. தேவாலயம், மருத்துவமனை, அநாதை இல்லம் மூன்றும் சேர்ந்த வளாகம் அது. 1757இல் தீப்பிடித்து எரிந்த தேவாலயத்தை வான்விதெல்லி என்ற பெரிய கட்டடக் கலைஞர் மறுபடி கட்டினார், அவர் மகன் முடித்தார். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை கோபுரத்தில் இல்லை, தெருவைப் பார்த்த சுவரில் இருக்கும் ஒரு துளையில் இருக்கிறது. துளைக்குப் பின்னால் மரத்தாலான ஒரு சுழல் உருளை. அதற்குப் பெயர் 'ரூவோத்தா', சக்கரம். தெருவில் நிற்பவர் குழந்தையை உருளைக்குள் வைத்துத் திருப்பினால் அது சுவருக்கு உள்ளே போய்விடும். மணி அடிக்கும். உள்ளே காவலிருக்கும் பெண் எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகத்தை எடுத்தவர் பார்க்க வழியில்லை. அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான்.

எடுத்த குழந்தையைக் குளிப்பாட்டி, வந்த நாளையும் நேரத்தையும் உடுத்தியிருந்த துணியையும் எழுதி, கழுத்தில் ஈய முத்திரை கட்டி, பால் கொடுக்கும் செவிலியிடம் ஒப்படைப்பார்கள். துணிக்குள் சில சமயம் ஒரு பொருள் இருக்கும்: பாதியாக வெட்டிய பதக்கம், கிழித்த புனிதர் படத்தில் ஒரு பாதி, ஒரு நாடாத் துண்டு. மறுபாதி தாயிடம் இருக்கும். வறுமை தீர்ந்து திரும்பி வந்தால் இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையைக் கேட்கலாம் என்ற நம்பிக்கை. ஃப்ளோரன்சில் உள்ள குழந்தைகள் இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பாதிப் பதக்கங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பவை திரும்பி வராதவர்களின் பாதிகள் என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

நேப்பிள்ஸில் இன்னொரு கதையும் சொல்வார்கள். துளை சிறியது, பிறந்த குழந்தைக்கு மட்டுமே அளவானது. பஞ்ச காலத்தில் சற்று வளர்ந்த பிள்ளைகளின் உடம்பில் எண்ணெய் தடவி அதற்குள் நுழைத்தார்களாம். எவ்வளவு தூரம் உண்மையோ, சொல்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்த ஊரின் சுபாவம் அது.

பெயருக்கு வருகிறேன். 1563இல் முடிந்த திரெந்தோ திருச்சபை மாநாடு ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் திருமணப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் வைத்தாக வேண்டும் என்று கட்டளையிட்டது. இத்தாலியில் குடும்பப் பெயர்கள் கெட்டிப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். தகப்பன் பெயரை எழுத ஓர் இடம் வந்துவிட்ட பிறகு, தகப்பன் தெரியாத குழந்தைக்கு அந்த இடத்தில் எதை எழுதுவது? 'வெளியே வைக்கப்பட்டவன்' என்ற குறிப்பையே எழுதினார்கள். குறிப்பு பெயராயிற்று. அந்தப் பிள்ளை வளர்ந்து, மணந்து, தன் பிள்ளைக்கும் அதையே கொடுத்தது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து இல்லாமல் பள்ளியில் சேரப் போன பிள்ளை பட்ட பாட்டை நீங்கள் ஆசிரியராக நேரில் பார்த்திருப்பீர்கள். இங்கே இல்லாத எழுத்து காட்டிக்கொடுத்ததை, அங்கே இருக்கும் பெயர் காட்டிக்கொடுத்தது.

ஆகவே பங்காளிகளா என்ற கேள்விக்குப் பதில்: மிகப் பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் ஒரே குலப்பெயர் என்றால் மேலே எங்கோ ஒரு பாட்டன் உண்டு என்று கொள்கிறோம். எஸ்போசித்தோ அதற்கு நேர் எதிர். பாட்டன் யாரென்று தெரியாததால் வந்த பெயர் அது. ஒரே இரவில் அதே சக்கரத்தில் அடுத்தடுத்து வந்து விழுந்த இரண்டு குழந்தைகளுக்கு ஒரு துளி இரத்த உறவும் இருக்க வேண்டியதில்லை. பேரேட்டில் மட்டும் அவர்கள் ஒரே குடும்பம். நேப்பிள்ஸில் அவர்களை 'மாதாவின் பிள்ளைகள்' என்றார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எல்லா எஸ்போசித்தோக்களும் உடன்பிறந்தவர்கள்தாம்!

இன்று இத்தாலியில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களில் முதல் ஐந்துக்குள் இது வருகிறது. ரோஸ்ஸி, ருஸ்ஸோ இரண்டும் செம்முடி. வடக்கில் அப்படி, தெற்கில் இப்படி. ஃபெர்ராரி கொல்லர். செம்முடிக்காரர்களும் கொல்லர்களும் எல்லா ஊரிலும் இருப்பார்கள், அதனால் அந்தப் பெயர்கள் பெருகியதில் வியப்பில்லை. எஸ்போசித்தோ அப்படிப் பரவலானது அல்ல. நேப்பிள்ஸையும் அதைச் சுற்றிய கம்பானியாவையும் மையமாகக் கொண்டு குவிந்திருக்கிறது, அங்கே அதுதான் முதலிடம். நீங்கள் சொன்ன கால்பந்து வீரரும் நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியாக்காரர். அவருடைய அண்ணன்கள் இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நடிகர் ஜான்கார்லோ பிறந்தது கோபன்ஹேகனில் என்றாலும் அவருடைய தந்தை நேப்பிள்ஸ்காரர். சிசிலியிலும் கலாப்ரியாவிலும் முதல் அசை உதிர்ந்து 'ஸ்போசித்தோ' ஆகும். பொலோஞாவில் அதே பொருளில் 'தெலி எஸ்போஸ்தி' என்பார்கள். கப்பலேறியவர்கள் அர்ஜென்டினாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: பெயர் தகப்பன் வழியில்தான் இறங்கியது. சக்கரத்தில் வந்தவர்களில் பெண் குழந்தைகளும் ஏராளம். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ரோஸ்ஸி என்றும் ருஸ்ஸோ என்றும் வேறு பெயர்களுக்குள் இருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது அரசு இந்தப் பெயரை ஒழிக்கப் பார்த்த கதைதான். நெப்போலியனின் தங்கை கணவர் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸின் அரசராக இருந்தார். அவருடைய ஆட்சியில், புதிதாக வரும் குழந்தைகளுக்கு எஸ்போசித்தோ என்று பெயரிடக் கூடாது என்று உத்தரவானது. பிறப்பை நெற்றியில் எழுதி ஒட்டுவது போல இருக்கிறதே என்ற நல்லெண்ணம்தான். ஏற்கெனவே அந்தப் பெயரோடு இருந்தவர்களிடம் அது அப்படியே தங்கிவிட்டது. புதிய குழந்தைகளுக்கோ ஆளுக்கொரு பெயர் தேட வேண்டியதாயிற்று. எழுத்தர்கள் மாதத்தின் பெயர், பூவின் பெயர், ஊரின் பெயர், அன்றைய புனிதரின் பெயர் என்று வாய்க்கு வந்ததை வைத்தார்கள். விளைவு? பத்துக் குடும்பப் பெயர்களே புழங்கும் ஒரு கிராமத்தில் பதினோராவதாக யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் வந்து நின்றால், அது எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியாதா? ஆயிரம் எஸ்போசித்தோக்களுக்கு நடுவே ஓர் எஸ்போசித்தோ ஒளிந்துகொள்ளலாம். தனிப்பெயர் சூட்டப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கூட்டமும் இல்லாமல் போயிற்று. எனக்கென்னவோ பழைய பெயரே கருணையுள்ளதாகத் தோன்றுகிறது. நீங்கள் மறுக்கலாம்.

இத்தாலிய அரசு பாடம் கற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகளில், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பை உணர்த்தும் பெயர் வைக்கக் கூடாது என்பதோடு, அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெருங்குடும்பத்தின் பெயரையும் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. குழந்தைக்குக் காப்பு ஒன்று, குடும்பங்களுக்குக் காப்பு இன்னொன்று.

கொலம்போவுக்கு வருவோம். கொலம்போ என்றால் புறா. மிலானின் பழைய பெருமருத்துவமனையின் சின்னம் புறா. அங்கே விடப்பட்ட குழந்தைகளைப் புறாக்குஞ்சுகள் என்று அழைத்தார்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவர்களுக்குக் கொலம்போ என்ற பெயரையே கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் இந்தப் பெயர் மலிந்திருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. புறா வளர்த்தவரும் கொலம்போ ஆகலாம், அந்தப் பெயருள்ள முன்னோரின் பிள்ளைகளும் ஆகலாம். கொலம்பஸ் ஜெனோவாவைச் சேர்ந்த நெசவாளர் தொமேனிக்கோவின் மகன். அவருடைய பாட்டன் பெயர்கூடப் பதிவில் இருக்கிறது, ஆகவே அவர் சக்கரத்துப் பிள்ளை அல்லர். மிலான் கொலம்போவுக்கும் அவருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு தேட வேண்டாம். கொழும்பு நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதையும் யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஊரும் தன் குணத்துக்கு ஏற்பப் பெயர் வைத்தது. ஃப்ளோரன்சில் 'இன்னொசெந்தி', மாசற்றவர்கள். பைபிளில் ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளின் நினைவாக அமைந்த இல்லத்தின் பெயர் அது. புரூனெல்லெஸ்கி வரைந்த அந்தக் கட்டடத்தில் 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. அகதா ஸ்மெரால்தா, பெண். சியெனாவில் மருத்துவமனையின் சின்னமான ஏணியை ஒட்டி 'தெல்லா ஸ்காலா'. சிசிலியில் 'த்ரொவாத்தோ', கண்டெடுக்கப்பட்டவன். ரோமாக்காரர்கள் மட்டும் மனசாட்சி இல்லாமல் 'ப்ரொயெத்தி' என்றார்கள். எறியப்பட்டவர்கள்! நேப்பிள்ஸ்காரன் குறைந்தபட்சம் 'வைத்தான்'. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'தியோதல்லேவி': கடவுள் உன்னை வளர்க்கட்டும். பெயரா, வழியனுப்பும் வாசகமா என்று தெரியாத ஒரு பெயர்.

சக்கரங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக நின்றன. ஃபெர்ராரா 1867, மிலான் 1868, நேப்பிள்ஸ் 1875. மிலானில் முறையாகத் திருமணமான தம்பதியரே கூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பதால், பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் மட்டுமே பிள்ளைகளை விட்டதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. போதாத கூலியும் காரணம். இன்று சில இத்தாலிய மருத்துவமனைகளில் வெப்பமூட்டிய தொட்டிலும் அழைப்பு மணியும் வைத்திருக்கிறார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய நம் தொட்டில் குழந்தைத் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நேப்பிள்ஸில் வறுமை செய்ததை இங்கே பெண் குழந்தை மீதான வெறுப்பும் சேர்ந்து செய்தது.

கட்டுரையில் வந்த பீட்சாக்காரரைப் பற்றி ஒரு வரி. அரசிக்குப் பீட்சா செய்த கதையையே சில வரலாற்றாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அது வேறு வழக்கு. அவருக்குப் பெயர் கொடுத்த மூதாதை எந்த இரவில், எந்தத் துணியில் சுற்றப்பட்டு வந்தார் என்பது அரசியின் பீட்சாவைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் மகள் தாராளமாகக் கேட்கலாம். நேப்பிள்ஸ்காரர்கள் இதை மறைப்பதில்லை. அனுன்சியாத்தாவின் சக்கரத்தை இன்றும் ஆட்களை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கொலம்போவிடம் மட்டும் சற்று நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எஸ்போசித்தோவிடம் கேட்கும்போது, அந்தப் பெயரில் இத்தாலியர் நாவில் வருவது நம் 'த்'தான், அமெரிக்கர்களின் 'ட்' அன்று. அழுத்தம் 'போ'வில் விழ வேண்டும். 'சி'யில் அழுத்தினால் அவர் முதலில் உச்சரிப்பைத்தான் திருத்துவார்.