அடிபடாமல் தடுக்க முடியுமா? வடசென்னை வாசகர்களுக்கு ஒரு நர்ஸின் பதில்கள்

பல வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தேன். இப்போது காயத் தடுப்பு ஆய்வுக்காக ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை வீடு வீடாகப் போய், யாருக்கு எங்கே எப்படி அடிபட்டது என்று கேட்டு எழுதுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் கீழே.

காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன்: சிஸ்டர், அடிபடணும்னு இருந்தா பட்டுத்தானே தீரும்? இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?

அண்ணா, டெங்கு வந்தால் தேங்கின தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறோம். அடிபட்டால் மட்டும் "பார்த்துப் போயிருக்கணும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் விபத்தை மூன்றாகப் பிரித்தார்: அடிபடுவதற்கு முன், அடிபடும் நொடி, அதற்குப் பின். ஒவ்வொன்றிலும் ஆளை மட்டுமல்ல, பொருளையும் இடத்தையும் பாருங்கள் என்றார்.

உங்கள் மீன் ஏலம் நடக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலை, அரை இருட்டு. ஐஸ் உருகின தண்ணீரும் மீன் செதிலும் தரையெல்லாம். தலையில் கூடை வைத்திருக்கும் அக்காவுக்குத் தன் காலடியே தெரியாது. "மெதுவா நட" என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தத் தரை வழுக்கத்தான் செய்யும். சொரசொரப்பான தளமும், தண்ணீர் ஓடிவிடச் சரிவும், மேலே ஒரு நல்ல விளக்கும் போட்டால் நாளைக்கு வரும் புது ஆளும் விழமாட்டார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் ஸ்கூட்டரில் போகும் தங்கை: கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தாலே பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் சரியானது. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. இடது பக்கம்தான் மிக மோசம். லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்பகுதி அகலமாகப் போகும், பின்சக்கரம் ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியைப் பார்த்து "வழி இருக்கே" என்று நுழையாதீர்கள். சிக்னலில் லாரிக்குப் பின்னாலேயே தள்ளி நில்லுங்கள்.

அதே தங்கை: ஹெல்மெட் போட்டால் போதுமா?

பெல்ட் மாட்டினால்தான். இல்லாவிட்டால் விழும்போது அது தனியாகக் கழன்று ஓடிவிடும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் உயிரிழப்பைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா: கஞ்சி வடிக்கும்போது பேரன் மேல் கொட்டிவிட்டது. பேஸ்ட் தடவினோம். தப்பா?

வலி தாங்காமல் பதறித்தான் செய்தீர்கள் அம்மா, உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இனி வேண்டாம். ஒருமுறை தோள் முழுக்க நீல மை பூசி ஒரு குழந்தையைத் தூக்கிவந்தார்கள். மையைத் துடைத்தால்தான் காயம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். நான் துடைக்கத் துடைக்க அது கத்தின கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சுட்டவுடன் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒட்டியிருந்தால் பிய்க்காமல், 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும், ஐஸ் கூடாது. நம் பக்கம் குழாயில் எப்போதும் தண்ணீர் வராது என்று தெரியும். குடத்திலிருந்து சொம்பு சொம்பாக மெல்ல ஊற்றினாலும் சரிதான். அப்புறம் சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு.

முடிந்தால் அடுப்பைத் தரையிலிருந்து மேடைக்கு மாற்றுங்கள். வடிக்கிற இடம் குழந்தைகள் ஓடுகிற வழியாக இருக்கக்கூடாது. ஒற்றை அறை வீட்டில் அது கஷ்டம். அந்தப் பத்து நிமிடம் பேரனைப் பக்கத்து வீட்டில் விடுங்கள்.

தண்டையார்பேட்டை: அம்மாவுக்கு 70 வயது. பாத்ரூமில் இரண்டு தடவை விழுந்துவிட்டார்.

கைப்பிடிக் கம்பி, வழுக்காத பாய், இரவில் எரியும் ஒரு சின்ன பல்பு. அதைவிட முக்கியம் உடற்பயிற்சி. காலுக்குப் பலமும் நிதானமும் தரும் பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, இதுபோல. பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். தலைசுற்றல் இருந்தால் பிரஷர் மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொருக்குப்பேட்டைத் தம்பி: ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமா?

வேண்டாம் தம்பி. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது. பணத்துக்கும் பயப்படாதீர்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஆட்டத்திலேயே கை கால் செயலிழந்துவிடலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டு, ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருங்கள்.