சான்றிதழ் செல்லுபடியாகிறது, கைதான் மறந்துபோகிறது

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். எங்கள் மீட்புக் குழுவில் எட்டுப் பேர். தொட்டிக்குள் சிக்கியவர்களை மீட்க மூன்று நாள் பயிற்சி எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சான்றிதழ் இன்னும் ஒரு வருஷம் செல்லும். போன மாதம் திடீரென்று ட்ரைபாடை (தொட்டி வாய்மேல் வைக்கும் முக்காலி) நிறுத்தி வின்ச்சை (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) மாட்டச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துத் தடுமாறிவிட்டார்கள். மறுபடி மூன்று நாள் விட நிர்வாகம் சம்மதிக்காது. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று நாள் கேட்காதீர்கள். மாதம் இரண்டு தடவை, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் நாற்பது நிமிடம் கேளுங்கள். செலவு குறைவு என்பதால் மட்டும் சொல்லவில்லை, பலனும் இதில்தான் அதிகம்.

சான்றிதழில் இருக்கும் தேதி நிர்வாக வசதிக்கானது. கை அதைப் பார்த்து நடப்பதில்லை. அமெரிக்க இருதய சங்கத்தின் சிபிஆர் (நின்ற இதயத்துக்கான முதலுதவி) அட்டை இரண்டு வருஷம் செல்லும். ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்திலேயே நெஞ்சை அழுத்தும் ஆழமும் வேகமும் தவறத் தொடங்குவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களுக்குச் சான்று தரும் இராட்டா அமைப்பும் அப்படித்தான்: சான்று மூன்று வருஷம், ஆனால் ஆறு மாதம் கயிற்றைத் தொடாமல் இருந்தவர் மீள்பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறது. கொடுப்பவர்களே தேதியை முழுசாக நம்புவதில்லை.

முதலில் மறப்பது வரிசைதான். எதை முதலில் மாட்டுவது, எதைச் சோதித்த பிறகு எதைத் திறப்பது என்று படிப்படியாகச் செய்யும் வேலைகள் சீக்கிரம் நழுவும். உங்கள் ஆட்கள் ட்ரைபாடில் தடுமாறியதும் இதனால்தான். ஸ்லைடு போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இனி உங்கள் ஆலைக்கு வருவோம். சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் சல்பைடு இருக்கும். அதோடு பிக்கிள் (தோலை அமிலத்தில் ஊறவைப்பது) அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு கிளம்பும். அழுகின முட்டை வாடை வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் மூக்கே மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், பிறகு மூன்றாமவர். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986ல் எச்சரித்தது.

ஆகவே உங்கள் குழு அடிக்கடி பழக வேண்டிய முதல் திறமை, உள்ளே போகாமல் மேலே இழுப்பது. இறங்குபவர் ஹார்னஸும் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) கயிறும் மாட்டியே இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே இருப்பவர் கையில் இருக்க வேண்டும். பெல்ட்டும் கயிறும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே இதைப் பேசியது. கயிறு மாட்டியிருந்தால் மீட்பு என்பது வின்ச்சைச் சுற்றுவதுதான். மாட்டாமல் விட்டால்தான் சாகசம் தேவைப்படும்.

பழகும் இடம் முக்கியம். புழக்கத்தில் உள்ள தொட்டியில் டிரில் வேண்டவே வேண்டாம். உங்கள் மேன்ஹோலின் விட்டத்தை அளந்து, அதே அளவு வட்டம் வெட்டிய பிளைவுட் பலகையை ஒரு மேடையில் பொருத்துங்கள். கிழிந்த தீயணைப்புக் குழாயில் மணல் அடைத்து 60, 70 கிலோவில் ஒரு டம்மி தைத்துக்கொள்ளலாம். முதல் நாளே ஒன்று தெரிந்துவிடும்: பல பழைய தொட்டிகளின் வாய் சுமார் 45 சென்டிமீட்டர்தான், முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டர் செட் மாட்டிய ஆள் அதில் நுழைய முடியாது. செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். வெளியிலிருந்து குழாய்வழி காற்று வரும் செட்டும், இடுப்பில் தப்பிக்க ஒரு சின்ன சிலிண்டரும்தான் அதற்கு வழி. இல்லையென்றால் உங்கள் குழுவுக்கு உள்ளே இறங்கும் மீட்பு கிடையாது, தீயணைப்புத் துறைக்குத்தான் போன். இதை இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

டம்மியை அந்த வட்டத்தின் வழியே தூக்கும்போது கைகள் அகன்று விளிம்பில் மாட்டும். ஹார்னஸின் கொக்கி முதுகில் உயரத்தில் இருந்தால் ஆள் நேராக வருவார், இடுப்பில் இருந்தால் மடிந்து சிக்குவார். ஒரு தடவை கையால் இழுத்தவர் மறக்கமாட்டார்.

அடுத்த முறை மூச்சுக்கருவி. 45 நிமிட சிலிண்டர் என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொருவரும் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கட்டும். காற்று தீரப்போகிறது என்று கருவி விசில் அடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று அவரவர் பெயருக்கு நேரே எழுதுங்கள். எட்டுப் பேருக்கும் எட்டு விதமாக வரும். தாடி வைத்தவருக்கு முகமூடி ஓரத்தில் காற்று கசிவதும் அப்போதே தெரியும், சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

முடிச்சுக்குத் தனி வகுப்பு வேண்டாம். டீ நேரத்தில் ஒரு துண்டுக் கயிறு மேஜையில் கிடக்கட்டும். ரப்பர் கையுறையோடு, கண்ணை மூடி '8' வடிவ முடிச்சு போடச் சொல்லுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இணையாகப் படுத்திருக்க வேண்டும், வால் ஒரு சாண் நீளம் இருக்க வேண்டும். போட்டவர் தானே பார்த்தால் போதாது, பக்கத்தில் இருப்பவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கேஸ் டிடெக்டரும் அப்படித்தான்: ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, நச்சுவாயு என்ற வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளக்கட்டும்.

வருஷத்துக்கு ஒரு முழு ஒத்திகை கட்டாயம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி (1910.146) 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது டம்மியையோ ஆளையோ வைத்து, அதே இடத்தில் அல்லது அதே மாதிரியான இடத்தில் மீட்டுப் பழகச் சொல்கிறது. நம் ஆலைகளில் அதுவே உச்சம் என்று நினைத்துவிடுகிறோம், உண்மையில் அது குறைந்தபட்சம். அந்த ஒத்திகைக்குப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தாரைக் கூப்பிடுங்கள். உங்கள் தொட்டியின் வாயை அவர்கள் ஒருமுறை நேரில் பார்ப்பது பத்து கடிதத்துக்குச் சமம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் உங்கள் மாவட்டத்திலேயே, அரக்கோணத்தில் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் வழியாக எழுதிக் கேட்கலாம். குழுவில் இருவரை மட்டும் வெளிப்பயிற்சிக்கு அனுப்ப முடிந்தால் சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் விசாரியுங்கள். போய்வந்தவர் மற்ற ஆறு பேருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று சொல்லியே அனுப்புங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. தொட்டி சுத்தம் செய்வது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஒப்பந்த ஆட்களை வைத்து. அன்றைக்கு உங்கள் எட்டுப் பேரில் எத்தனை பேர் ஆலையில் இருக்கிறார்கள்? மூன்று பேராவது டூட்டியில் இல்லாமல் பெர்மிட்டில் (தொட்டியில் இறங்க அனுமதிச் சீட்டு) கையெழுத்துப் போடாதீர்கள். நாற்பது நிமிடப் பயிற்சியில் பாதியையாவது ஞாயிற்றுக்கிழமைக்கே வையுங்கள். இறங்கப்போகிற ஒப்பந்த ஆட்களும் நின்று பார்க்கட்டும், ஹார்னஸை அவர்கள் உடம்பிலேயே மாட்டிக் காட்டுங்கள்.