போர் கெடுத்த மண்ணுக்கு யாரிடம் நட்டஈடு கேட்பது?

கேள்வி: கோவையில் சட்டம் படிக்கிறேன், ஊர் காங்கேயம் பக்கம். படையெடுப்பில் அணை உடைக்கப்பட்ட ஒரு நாட்டின் சார்பில் மாதிரி வழக்காடலில் வாதாட வேண்டும். நொய்யல் ஆற்றுப் பாசன நிலத்தைச் சாயப்பட்டறைக் கழிவு கெடுத்த வழக்கைப் போலவே கொண்டுபோகலாமா?

பதில்: பாதித் தூரம் கொண்டுபோகலாம். நொய்யல் விவசாயிகளின் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் இருந்தது, சாயப்பட்டறைகளைக் கட்டுப்படுத்த நீதிமன்றம் இருந்தது. நாடுகளுக்கிடையே நிலைமை வேறு. எதிர்நாடு ஏதாவதொரு வகையில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்தால்தான் அங்கே வழக்கு நிற்கும். அந்த ஒப்புதல் எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை மனுவின் தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள். விவசாயி அங்கே வழக்குப் போட முடியாது, நாடுதான் போட வேண்டும்.

அடுத்தது பலர் சறுக்கும் இடம். போர் விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-இல் வந்த முதலாம் கூடுதல் நெறிமுறையில், சுற்றுச்சூழல் சேதம் பற்றிய 35, 55 பிரிவுகளை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். சேதம் பரவலானது, நீண்டகாலத்தது, கடுமையானது என்று மூன்றையும் ஒருசேர நிரூபிக்கச் சொல்பவை அவை. ஒன்று குறைந்தாலும் வாதம் விழும். அணைகளுக்கென்றே இருக்கும் 56-ஆம் பிரிவையும் சேருங்கள். ஆனால் முதல் வாதம், படையெடுப்பே சட்டவிரோதம் என்பதாக இருக்கட்டும். குவைத்துக்குள் நுழைந்த ஈராக்கை 1991-இல் பாதுகாப்பு சபையின் 687-ஆம் தீர்மானம் அப்படித்தான் பொறுப்பாக்கியது. படையெடுப்பால் நேரடியாக விளைந்த சுற்றுச்சூழல் சேதமும் அதில் அடக்கம்.

'நேரடி' என்றதும் குண்டு விழுந்த இடம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் போரில் அகதிகள் கால்நடைகளோடு ஜோர்டானுக்குள் வந்தார்கள். அவை மேய்ந்து மேய்ச்சல் நிலம் கெட்டதற்கு அந்நாட்டுக்கு ஏறத்தாழ 16 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, ஈராக் மீதான கோரிக்கைகளை விசாரித்த ஐ.நா. நட்டஈட்டு ஆணையம். உங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் அளவுக்கு மீறி ஆடு விட்டால் கொழுக்கட்டைப்புல் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணை விஷயத்திலும் அப்படியே. பவானிசாகர் உடைந்தால் ஆற்றோர வெள்ளம் ஒரு சேதம், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நின்று 2,07,000 ஏக்கர் காய்வது இன்னொரு சேதம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வழக்கு பெரும்பாலும் தோற்பது ஆதாரத்தில்தான். தன் மண்ணில் படை நுழைத்த உகாண்டாவிடம் சர்வதேச நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்ட காங்கோவுக்கு 2022-இல் இயற்கை வளங்களுக்காக 6 கோடி டாலர் கிடைத்தது. காடழிப்புக்குக் கேட்டதோ, மதிப்பிட அடிப்படையே தரவில்லை என்று தள்ளுபடியானது. போருக்கு முந்தைய நிலை தெரியாமல் இழப்பைக் கணக்கிட முடியாது. பழைய செயற்கைக்கோள் படங்கள், கிணற்று நீர்மட்டமும் உப்பளவும் எழுதிய பதிவேடுகள், மண் பரிசோதனை அட்டைகள், விளைச்சல் கணக்கு எல்லாம் தேதியோடு இணைப்பில் இருக்கட்டும். அதே இடத்தில், அதே பருவத்தில், போருக்குப் பிறகு எடுத்த அளவைப் பக்கத்தில் வையுங்கள். கோடையில் எடுத்ததை ஐப்பசி மழைக்குப் பின் எடுத்ததோடு ஒப்பிட்டால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

தொகையை மீட்புச் செலவிலிருந்து கட்டுங்கள். வண்டல் அகற்ற ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று. ஈராக் விவகாரத்தில் சுற்றுச்சூழலுக்குக் கேட்டது சுமார் 8,500 கோடி டாலர், ஒப்புக்கொண்டது சுமார் 526 கோடி. அதுவும் ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்ததால்தான் வசூலானது. 2006-இல் இஸ்ரேலின் குண்டுவீச்சால் லெபனான் கடலில் கொட்டிய எண்ணெய்க்கு 85.64 கோடி டாலர் தரும்படி ஐ.நா. பொதுச்சபை இஸ்ரேலை 2014-இல் கேட்டது. பொதுச்சபைத் தீர்மானத்துக்குக் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லாததால் அது கைக்கு வரவில்லை.

கோரிக்கைப் பட்டியலில் சேத ஆய்வுச் செலவை முதல் இனமாக, முன்பணமாகக் கேளுங்கள். குவைத் போர்க் கோரிக்கைகளில் ஆய்வுக்கான பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, மீதியை அதன் பிறகுதான் முடிவுசெய்தார்கள்.