லேத் நிலவுக்குப் போகிறவர்கள் கேட்டவை

விண்கலம் கட்டிப் பறக்கவிடும் கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் ஜூல் என்ற பச்சைப் பெருங்கோளைச் சுற்றும் லேத் நிலவைப் பற்றி, யாழ்ப்பாணத்தில் இதை விளையாடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேத்தில் இறங்குவது சுகம், ஏறுவதுதான் பாடு. தரையிலிருந்து தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு வரச் சுமார் 2,900 மீ/செ டெல்டா-வி (மிச்ச எரிபொருளால் கலம் மாற்றக்கூடிய மொத்த வேகம்) வேண்டும். அதை ஒதுக்கி வைக்காமல் இறங்காதீர்கள்.

சுன்னாகம்: அண்ணை, கேர்பினிலிருந்து எப்போது வெளிக்கிட வேண்டும்?

சூரியனை மையமாக வைத்துப் பார்த்தால், விளையாட்டில் நமது சொந்தக் கோளான கேர்பினுக்கு முன்னால் ஜூல் ஏறத்தாழ 97 பாகையில் இருக்கும்போது. தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து வெளியேற 2,000 மீ/செ அளவில் செலவாகும்.

கோண்டாவில்: லேத்தில் ஜெட் எஞ்சின் வேலை செய்யுமா?

செய்யும். காற்றில் ஒட்சிசன் இருப்பது கேர்பினிலும் லேத்திலும் மட்டும்தான். ஆனால் கடல் மட்டத்திலேயே காற்றழுத்தம் கேர்பினில் உள்ளதில் 0.6 பங்குதான், 50 கிலோமீற்றரில் காற்று முடிந்துவிடும். பரசூட்டுக்கும் இது பொருந்தும். ஈர்ப்பு 0.8 பங்கு இருப்பதால், கேர்பினில் பாதுகாப்பாக இறங்கிய அதே கலம் இங்கே 10 முதல் 15 சதவீதம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொடும். ஒரு பரசூட்டைக் கூடப் போடுங்கள்.

காரைநகர்: லேத்துக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும் தொடர்புச் செய்மதி வைக்க முயன்றேன். ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்விடுகிறது. என்ன பிழை?

உங்களில் பிழை இல்லை தம்பி. இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லேத் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 14 மணி 43 நிமிடம் எடுக்கிறது. ஜூல் கோளை ஒருமுறை சுற்றவும் அதே நேரம்தான். அந்த வேகத்துக்கு ஈடாகச் செய்மதி சுற்ற வேண்டுமானால், அது லேத்தின் மையத்திலிருந்து 5,186 கிலோமீற்றரில் இருக்க வேண்டும். ஆனால் லேத்தின் ஈர்ப்பு எல்லை 3,724 கிலோமீற்றரோடு முடிகிறது. அதற்கு அப்பால் உங்கள் செய்மதி ஜூலுக்குத்தான் சொந்தம். எப்போதும் ஒரே முகத்தைக் கோளுக்குக் காட்டும் எந்த நிலவுக்கும் இதே கதைதான். நமது சந்திரனைச் சுற்றியும் அப்படி ஒரு செய்மதியை நிறுத்த முடியாது.

1,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளைச் சம இடைவெளியில் விடுங்கள். 500-க்கு மேலே போனாலே ஒன்றை ஒன்று பார்க்கும்.

மானிப்பாய்: எப்போது வெளிக்கிட வேண்டும்?

97 பாகை. மேலே இருக்கிறது.

சாவகச்சேரி: சூரியத் தகடு போதுமா?

போதாது. ஜூல் சூரியனிலிருந்து கேர்பினைப் போல ஐந்து மடங்கு தூரத்தில் இருக்கிறது, வெளிச்சம் 25-இல் ஒரு பங்கு. கதிரியக்க மின்கலம் கொண்டு போங்கள்.

பருத்தித்துறை, பௌதிகவியல் ஆசிரியர்: இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் லேத்தின் கடல் உறையாமல் இருப்பது வற்றுப்பெருக்குச் சூட்டினால், அதாவது கோளின் இழுப்பு நிலவைப் பிசைவதால் வரும் சூட்டினால்தானே? வியாழனின் அயோ நிலவில் எரிமலை இருப்பது போல.

சேர், பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். விளையாட்டில் உள்ள எண்களைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடேறும். வளைத்தபடி பிடித்துக்கொண்டே இருந்தால் ஏறாது. நிலவும் அப்படித்தான். கோளுக்குக் கிட்டவும் எட்டவும் மாறி மாறிப் போனால்தான் அதன் உடல் பிசையப்படும். லேத்தின் பாதை சரியான வட்டம், மையப்பிறழ்ச்சி (வட்டத்திலிருந்து விலகும் அளவு) பூச்சியம். ஒரே முகத்தைக் காட்டுவதால் வீக்கமும் அசையாமல் நிற்கிறது. பிறகு சூடு எங்கிருந்து வரும்?

மீண்டும் அவரே: அயோவின் மையப்பிறழ்ச்சியும் 0.004 தான். அதைப் பூச்சியமாக விடாமல் வைத்திருப்பது வியாழனின் மற்ற நிலவுகளான யூரோப்பாவும் கனிமீடும். ஜூலின் நிலவுகளான லேத், வால், டைலோ மூன்றின் சுற்றுக் காலங்களும் அதே 1:2:4 விகிதத்தில் இருக்கின்றனவே?

அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி சேர், ஒத்துக்கொள்கிறேன். பீல், கசன், ரெனோல்ட்ஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1979 மார்ச்சில் அயோவைப் பற்றி இதைத்தான் எழுதினார்கள். சில நாட்களிலேயே வொயேஜர் 1 விண்கலம் அங்கே எரிமலைகளைக் கண்டது. ஆனால் இந்த விளையாட்டில் நிலவுகள் ஒன்றையொன்று இழுப்பதில்லை, வரைந்த பாதையில் ஓடுகின்றன. பிரின்சிப்பியா என்ற மேலதிக நிரலை (mod) விளையாட்டில் போட்டு உண்மையான ஈர்ப்பைக் கொடுத்தால், ஜூலின் நிலவுகள் இருந்தபடி இருக்க முடியாமல் குலைந்துவிடும். அதனால்தான் அந்த நிரலே அவற்றின் பாதைகளை மாற்றி அமைக்கிறது. இயற்கையில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் உங்கள் விளக்கம் நிற்கும். நாம் இறங்கும் லேத்துக்கு நிற்காது.

நல்லூர்: நானும் சேரின் பக்கம். ஆனால் ஒட்சிசன் எப்படி வந்தது?

சூட்டை விட இதுதான் பெரிய சிக்கல். யூரோப்பாவில் கதிர்வீச்சு பனியை உடைத்து ஒட்சிசனை விடுகிறது, ஆனால் அது மிக மிக மெல்லியது. எஞ்சின் எரியும் அளவுக்கு வேண்டுமானால் பாசி போல ஏதாவது உயிர் அந்தக் கடலில் இருக்க வேண்டும். விளையாட்டு அப்படி எதையும் காட்டவில்லை. இதை விடாமல் யோசிக்க வைப்பதாலேயே எனக்கு லேத்தில் இவ்வளவு விருப்பம்.

உரும்பிராய்: எந்த மடிக்கணினி வாங்கலாம்?

இதை விற்கிறவரிடம் கேளுங்கள், தம்பி.

கொக்குவில்: வெளிக்கிடும் பாகை எவ்வளவு?

97. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

வேலணை: எங்கே இறங்கினால் நல்லது?

நெடுந்தீவு, நயினாதீவு போலத் தரை தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிறது, மிச்சமெல்லாம் கடல். முதலில் சுற்றுப்பாதையில் நின்று, பகல் பக்கத்தில் ஒரு தீவை வடிவாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். நான் முதல் தடவை இரவில் இறங்கிக் கடலில் விழுந்து கலத்தை இழந்தேன். ஜூல் கோளைப் பார்க்கும் பக்கத்துத் தீவென்றால் இன்னும் நல்லது. அது வானத்தில் 25 பாகை அகலத்துக்கு, நமது முழுநிலவைப் போல ஏறத்தாழ 50 மடங்கு பெரிதாக, ஒரே இடத்தில் நிற்கும். ஏறும் எரிபொருளைத் தொடாதீர்கள்.

திருநெல்வேலி: அண்ணை, நான் இறங்கிவிட்டேன். 2,600 மீ/செ தான் மிச்சம். பழைய சேமிப்புக்குத் திரும்பவா?

திரும்ப வேண்டாம் தங்கச்சி. உங்கள் ஆட்களில் ஒரு பொறியியலாளர் இருந்தால், 1.11 பதிப்பிலிருந்து அவர் வெளியே வந்து உதிரிகளைக் கழற்றலாம். ஏணி, ஆய்வுக் கருவிகள், வெறும் பரசூட் எல்லாவற்றையும் கழற்றி மணலில் விடுங்கள். ஆய்வுத் தரவை மட்டும் அறைக்குள் எடுத்து வையுங்கள். எடை குறையக் குறைய அதே எரிபொருள் கூடுதல் தூரம் தள்ளும். பிறகு கிழக்கு நோக்கி ஏறுங்கள், லேத்தின் சுழற்சி 59 மீ/செ சும்மா தரும். கழற்றியபின் எண் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். 2,900-ஐத் தொடாவிட்டால் ஜெட் எஞ்சின் பூட்டிய ஒரு மீட்புக் கலத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து வரைவோம். அதுவரை ஏற முயல வேண்டாம்.